அம்மா வரைந்த பரவளையம்

"ரெண்டும் சேரவே இல்ல கண்ணு."

சேலத்தில் ஒரு பள்ளியின் வெளிவாயில். வேப்பமர நிழலில் காத்திருந்த என்னிடம் அம்மா முதலில் சொன்னது இதுதான். தேர்வறையிலிருந்து வெளியே வருகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் 'சுலபம்', 'கஷ்டம்' எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. மலையிலேயே இருந்து பழகியவருக்கு அந்த வெயில் ஆகாது. முக்காட்டின் ஓரத்தால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வலது கையின் நடுவிரலில் பென்சில் கரி படிந்திருந்தது.

"எதும்மா சேரல?"

"அந்த வளைவும் கோடுந்தான். கோடு பாட்டுக்குக் கீழ போவுது. வளைவு பாட்டுக்கு மேல நிக்குது. ஸ்கேல வெச்சு பேப்பரு ஓரம் வரைக்கும் இழுத்துப் பாத்துட்டேன். சேரவே மாட்டேங்குது."

எனக்கு உடனே ஒரு காரணம் தோன்றியது. அது நல்ல காரணம் இல்லை. ஆகவே அதைச் சொல்லாமல், "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

அன்று அம்மா எழுதிவிட்டு வந்தது பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு. அப்போது அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. மற்றப் பாடங்களில் எல்லாம் பள்ளி நாட்களிலேயே தேறிவிட்டார். கணக்கு மட்டும் நின்றுபோய், அந்த இடைவெளியில் திருமணம், கடை, நான் என்று வரிசையாக வந்துவிட்டோம். இத்தனை ஆண்டுகள் அந்த ஒரு பாடத்தை யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்டிருந்தார்கள். தேறினால் ஏற்காட்டில் ஒரு தையல் பயிற்சி நிலையத்தில் ஆசிரியை வேலை. தேறாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

கணக்கில் தடுமாறுகிறவர்கள் எல்லோரையும் போல அம்மாவும் வரைபடக் கேள்வியைத்தான் ஊன்றுகோலாகப் பிடித்திருந்தார். எட்டு மதிப்பெண். அதில்தான் இரண்டும் சேரவில்லை.

கடையின் பின்பாதி

சென்ற வாரம் இந்தப் பத்தியில் கல்லூரி விடுதியைப் பற்றி எழுதியதைப் படித்த ஒரு வாசகி, "ஊரில் உங்கள் குடும்பத்துக்கு என்ன தொழில்?" என்று கேட்டிருந்தார். சொல்கிறேன்.

ஏற்காடு கடைவீதியில் எங்கள் கடை இரண்டு பாதி. முன்பாதி அத்தாவுடையது; அப்பாவை நான் அத்தா என்றுதான் கூப்பிடுவேன். குடை, ஸ்வெட்டர், குல்லா, மழைக்கோட்டு. கீழ்நாட்டிலிருந்து மெல்லிய சட்டையோடு வந்து இறங்கி நடுங்குகிறவர்கள் அத்தாவின் வாடிக்கையாளர்கள். பின்பாதி அம்மாவுடையது. ஒரு தையல் இயந்திரம், ஒரு வெட்டுமேசை, ஒரு கரி இஸ்திரிப் பெட்டி. நாகலூர், மாரமங்கலம் வரையிலிருந்து பெண்கள் ரவிக்கை தைக்க வருவார்கள். இரண்டு பாதிக்கும் நடுவே ஒரு பூப்போட்ட திரை உண்டு. ஆனால் அத்தாவின் பேச்சுக்கு அந்தத் திரை ஒரு பொருட்டே இல்லை.

வேலையைப் பற்றிய செய்தியைக் கொண்டுவந்தவர் செல்லம்மா அக்கா. நாகலூரில் சிறிது காப்பித் தோட்டமும் மிளகும் வைத்திருப்பவர். அவருடைய மகள் பூங்கொடி அந்தப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்திருந்தாள்.

"ஏனுங்க டெய்லரக்கா, அங்க சொல்லிக்குடுக்கற அம்மா மாத்தலாயிப் போறாங்களாமுங்க. உங்களையாட்டம் கழுத்து வெட்ட இந்த மலையில யாருங்க இருக்கறா? நீங்க போலாமுல்லங்க?"

"நா எப்படிங்க போறது? பத்தாவது பாஸாயிருக்கணுமே."

"ஆகலீங்களா?" செல்லம்மா அக்கா உண்மையாகவே அதிர்ந்துபோனார். "எம் புள்ளைக்கு ஸ்கூல்ல ஃபாரமெல்லாம் நீங்கதானுங்க எழுதிக் குடுத்தீங்க!"

"அது தமிழுங்க. தமிழ்ல நா பாஸு."

நிலையத்தின் பொறுப்பில் இருந்த அம்மையாரை அம்மா நேரில் போய்ப் பார்த்தார். தேர்வு முடிவு வரும்வரை இடத்தை வைத்திருப்பதாக அவர் வாக்களித்தார். அன்று மாலையே விடுதிக்கு அம்மாவின் தொலைபேசி அழைப்பு வந்தது. "கண்ணு, இந்தச் சனிக்கிழமை வரும்போது உன்ற பழைய கணக்குப் புஸ்தகத்தை எங்க வெச்சேன்னு தேடிக் குடுக்கறியா?"

எனக்குப் பிடித்த ஒரே கணக்கு

நான் இலக்கிய மாணவி. கணக்குச் சொல்லித்தரப் போகிறேன் என்றதும் விடுதித் தோழிகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஆனால் பள்ளியில் வரைபடக் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். காரணம் எளிமையானது. கரும்பலகைக்கு வந்து சொல் என்று அந்தக் கணக்கில் யாரையும் கூப்பிடுவதில்லை. பேச வேண்டியதில்லை. கூர்மையான பென்சிலும் பொறுமையும் போதும். பேச்சுக் குறைந்த பிள்ளைக்கு அதைவிட வசதியான பாடம் வேறு எது?

சனிக்கிழமை வெட்டுமேசையைத் துடைத்து, வரைபடத் தாளை விரித்தேன். ஏற்காட்டு மூடுபனியில் காகிதம் துணிபோலத் துவண்டுவிடும். அம்மா அதை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். எடுத்துப்போய், மேலே ஒரு துணி போட்டு, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தார். தாள் மொடமொடவென்று, கரிச்சூட்டின் மணத்தோடு வந்தது. அன்றிலிருந்து நாங்கள் இஸ்திரி போடாத தாளில் கணக்குப் போட்டதே இல்லை.

x² − 2x − 3 = 0 என்று எழுதினேன்.

"இதுல x எவ்வளவுன்னு கண்டுபிடிக்கணும். x²-ஐ ஒரு பக்கமா வச்சுக்குங்க. மிச்சத்தை அந்தப் பக்கம் தள்ளினா 2x + 3. இது ரெண்டும் எந்த இடத்துல சமமா இருக்கும்கிறதுதான் கேள்வி. x² வரைஞ்சா வளைவா வரும், பரவளையம்னு பேரு. 2x + 3 நேர்கோடா வரும். ரெண்டையும் ஒரே தாள்ல வரைஞ்சா, வெட்டிக்கிற இடத்துல இருந்து நேரா கீழ இறங்கிப் படிச்சா அதுதான் விடை."

அம்மா தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்ப கணக்கே போட வேண்டாமா? பாத்துச் சொன்னாப் போதுமா?"

"புள்ளி வைக்க மட்டும் கணக்குப் போடணும்."

"இத அன்னைக்கே ஒருத்தரு இப்படிச் சொல்லியிருந்தா நா அன்னைக்கே பாஸாயிருப்பேன்."

திரைக்கு அப்பாலிருந்து அத்தாவின் குரல் வந்தது. "பாஸாயிருந்தா என்னையக் கட்டியிருக்க மாட்டே."

"அதுக்குத்தாங்க சொல்றேன்" என்றார் அம்மா.

குடை வாங்க வந்தவர் சிரித்த சிரிப்பு பின்பாதி வரை கேட்டது.

குறை எண்களில்தான் நாங்கள் சிக்குவோம் என்று பயந்திருந்தேன். மைனஸ் இரண்டை மைனஸ் இரண்டால் பெருக்கினால் ஏன் பிளஸ் நான்கு வருகிறது என்று நான் இன்றும் நம்பிக்கையோடுதான் சொல்கிறேன், விளக்கத்தோடு அல்ல. அம்மா அதில் நிற்கவே இல்லை. "சட்டைய உள்பக்கமாத் திருப்பி, மறுக்கா ஒருவாட்டி திருப்புனா வெளிப்பக்கம் வந்துரும்ல? அதான?" என்று கேட்டுவிட்டு அடுத்த புள்ளிக்குப் போய்விட்டார்.

கால் இஞ்ச்

அம்மா வரைந்த முதல் பரவளையத்தை நான் மறக்க மாட்டேன். புத்தகத்தில் அச்சிட்டது போல இருந்தது. என்னுடைய வளைவுகள் எப்போதும் ஓரிடத்தில் முழங்கை போல மடங்கும். அம்மாவுடையது ஒரே மூச்சில், தடுமாற்றமே இல்லாமல், இடமிருந்து இறங்கி வலப்புறம் ஏறியது. ரவிக்கைக்கு எத்தனை ஆயிரம் கழுத்து வரைந்த கை அது.

ஆனால் விடை தவறு. மூன்று என்று வர வேண்டிய இடத்தில் ஏறக்குறைய இரண்டு வந்தது. மைனஸ் ஒன்று பூச்சியத்தை நோக்கி நகர்ந்திருந்தது. புள்ளிகளைச் சரிபார்த்தேன். எல்லாம் சரி. நேர்கோடு சரி. பிறகுதான் தாளைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்தேன். வளைவு எந்தப் புள்ளியையும் தொடவில்லை. எல்லாப் புள்ளிகளுக்கும் உட்பக்கமாக, எங்கும் ஒரே அளவு இடைவெளி விட்டு, அழகாக ஓடியிருந்தது.

"ஏம்மா புள்ளி மேல வரையல?"

அம்மாவுக்கு என் கேள்வி புரியவில்லை. "புள்ளி மேலயே வெட்டுனா கழுத்து பெருசாயிரும்ல? தையலுக்கு உள்ள தள்ளி விடோணும். எப்பவும் அரை இஞ்ச் விடுவேன். பேப்பரு சின்னதா இருக்குதேன்னு கால் இஞ்ச்தான் விட்டேன்."

"இதைத் தைக்கப் போறதில்லைம்மா."

"தைக்கப் போறதில்லைன்னா எதுக்கு இத்தன அளவெடுக்கறாங்க?"

இந்தக் கேள்விக்கு என் கல்லூரியில் கணிதத்துறை என்ன பதில் வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் அழிப்பானை எடுத்து நீட்டினேன்.

அறிவால் அம்மா அன்றே அதைத் திருத்திக்கொண்டார். கைதான் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் அதற்கடுத்த சனிக்கிழமையும், ஐந்து வளைவு சரியாக வந்தால் ஆறாவது தன்னாலே உள்ளே நழுவும். கவனம் சிதறும்போதெல்லாம், வாசலில் யாராவது கூப்பிடும்போதெல்லாம், புள்ளிகளுக்கு உள்ளே கால் இஞ்ச்.

ஒருநாள் செல்லம்மா அக்கா மகளின் ரவிக்கையை வாங்க வந்து, மேசை மேல் கிடந்த தாளைக் கண்டு நின்றுவிட்டார். முகத்தில் கவலை.

"ஏனுங்க டெய்லரக்கா, இது யாருக்குங்க கழுத்து? இத்தன எறக்கமா இருக்குது?"

"பத்தாங்கிளாஸ் கணக்குக்குங்க" என்றார் அம்மா, தலையைத் தூக்காமல்.

"நல்லவேளைங்க. நா எம் புள்ளைக்குன்னு நெனச்சு நொம்பப் பயந்துட்டேன்."

வெட்டிக்கொள்வதில் மூன்று வகை உண்டு என்பதையும் ஒருநாள் சொன்னேன். கோடு வளைவை இரண்டு இடத்தில் வெட்டலாம். ஒரே இடத்தில் தொட்டுவிட்டுப் போகலாம். தொடாமலேயே விலகியும் போகலாம், அப்போது அந்தச் சமன்பாட்டுக்கு விடை கிடையாது. நான் இதைச் சொல்லும்போது அம்மா இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா என்று நான் கேட்கவில்லை. நாங்கள் போட்டுப் பார்த்த கணக்குகளில் எல்லாம் கோடும் வளைவும் ஒழுங்காகச் சந்தித்தன.

மலையேறும் பஸ்ஸில்

வேப்பமரத்தடியில் எனக்குத் தோன்றிய காரணம் இப்போது விளங்கியிருக்கும். வளைவைப் புள்ளிகளுக்கு உள்ளே தள்ளி வரைந்தால் அது மேலே ஏறிவிடும். அடியில் தொட்டுக்கொண்டு போக வேண்டிய கோடு தொடாமல் போய்விடும். கேள்வியே அந்த மூன்றாவது வகையாக இருந்தாலும் கோடும் வளைவும் சேராது. அம்மாவின் கை நழுவியிருந்தாலும் சேராது. தேர்வறைக்கு வெளியே நிற்கிறவளுக்கு இரண்டு காரணமும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கேள்வித்தாள் அம்மாவின் பையில் டிபன் டப்பாவுக்கு அடியில் இருந்தது. பஸ்ஸில் கூட்டம். அடிவாரம் வரை நின்றுகொண்டே வந்தோம். அங்கே சிலர் இறங்கி எங்களுக்கு இடம் கிடைத்தது. முதல் வளைவில் பஸ் திரும்பியபோது காற்றில் குளிர்ச்சி தட்டியது.

"அம்மா, கேள்வித்தாளக் குடுங்க."

"ஊட்டுக்குப் போயிப் பாத்துக்கலாம் கண்ணு."

"குடுங்கம்மா."

டப்பாவின் அடியிலிருந்து குழம்புக் கறையோடு தாள் வந்தது. y = x² + x என்பதன் வரைபடம் வரைக; அதைக்கொண்டு x² + 1 = 0 என்ற சமன்பாட்டைத் தீர்க்க.

முதல் சமன்பாட்டிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வரைய வேண்டிய நேர்கோடு கிடைக்கும். y = x − 1. மனத்துக்குள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பூச்சியத்தில் வளைவு பூச்சியம், கோடு மைனஸ் ஒன்று. ஒன்றில் வளைவு இரண்டு, கோடு பூச்சியம். மைனஸ் ஒன்றில் வளைவு பூச்சியம், கோடு மைனஸ் இரண்டு. எங்கே பார்த்தாலும் கோடு கீழேயே இருந்தது. அப்புறம்தான், எட்டு மதிப்பெண்ணுக்கான விடையும் கேள்வியிலேயே கண்ணெதிரே இருப்பதைக் கண்டேன். x² + 1 = 0. எந்த எண்ணைத் தன்னாலேயே பெருக்கினாலும் மைனஸ் ஒன்று வராது. வரைபடம் இல்லாமலேயே தெரிகிறது.

"புள்ளி மேல வரைஞ்சீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"புள்ளியத் தொட்டுத் தொட்டுத்தான் வரைஞ்சேன். மொதல்ல சேரலன்னதும் நானும் அதைத்தான் நெனச்சேன், மறுபடியும் கால் இஞ்ச் உட்டுட்டனோன்னு. பேப்பர மூக்குகிட்ட வெச்சுப் பாத்தேன். அந்த சூப்பரைசரு வந்து, 'கண்ணாடி கொண்டு வரலீங்களா'ன்னு கேக்கறாரு."

"அப்புறம்?"

"ஒரு எடத்துல ரெண்டும் கிட்ட வந்துச்சு கண்ணு. வளைவக் கொஞ்சூண்டு கீழ இழுத்தாத் தொட்டுரும். இழுக்கறது எனக்கு ஒரு வேலையா? கையி துறுதுறுங்குது. எல்லாக் கணக்கும் சேருதே, இது மட்டும் ஏன் சேராதுன்னு." கைப்பையின் வாரை விரலில் சுற்றினார். "அப்புறம் புள்ளிய ஒண்ணொண்ணா மறுபடியும் போட்டேன். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. புள்ளி சரியா இருக்கறப்ப நா எதுக்கு இழுக்கோணும்? உட்டுட்டேன்."

"கீழ என்ன எழுதினீங்க?"

அம்மா ஒப்பிப்பது போலச் சொன்னார். "'இரண்டும் சந்திக்கவில்லை. ஆகையால் விடை இல்லை.'"

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும் குரலில், "விடை இல்லைன்னு எழுதுனா, இவளுக்கு விடை தெரியலன்னு நெனச்சுக்குவாங்களோ?" என்றார்.

நான் படிக்கும் பாடத்தில் சொற்களுக்கு இடையே உள்ள இம்மாதிரியான இடைவெளிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவோம். அன்று எனக்கு வந்தது மூன்றே சொல்.

"அதுதாம்மா சரியான விடை."

"எது?"

"விடை இல்லைங்கிறது. கேட்டதே அதுக்காகத்தான். சேர்த்து வச்சிருந்தா எட்டும் போயிருக்கும்."

அம்மா என்னை நம்பாமல் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தார். x² + 1 = 0 என்பதை விரலால் தொட்டுக் காட்டி விளக்கினேன். மைனஸ் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு திடீரென்று, பஸ் முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

"அட, சேராதுன்னு தெரிஞ்சேதான் வரையச் சொல்லியிருக்கறாங்க! எத்தன நேரம் அந்த ஸ்கேலப் புடிச்சு இழுத்தேன்!"

கண்டக்டர் அருகில் வந்தார். "என்னங்கக்கா, டிக்கெட் வாங்கீட்டுத்தானுங்க சிரிக்கறீங்க?"

"வாங்கீட்டேனுங்க. நா எட்டு மார்க்கும் வாங்கீட்டேனுங்க."

பஸ் மேலே ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு நாட்களுக்கு முன் பெய்த மழையில் தோட்டங்களில் காப்பி பூத்திருந்தது. மல்லிகை போன்ற அந்த மணம் ஜன்னல் வழியே வந்தபோது அம்மா கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். தேர்வுக்கு முந்தின இரவுகளில் அவர் சரியாகத் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அதன் பிறகு

முடிவு வெளியான அன்று நான் ஊரில்தான் இருந்தேன். கைப்பேசியில் அத்தாதான் பார்த்தார். அம்மா திரைக்கு அப்பால் ஒரு கைப்பட்டியைத் தைத்துக்கொண்டு, வேண்டுமென்றே இயந்திரத்தை வேகமாக மிதித்துக்கொண்டிருந்தார். தேறுவதற்கு வேண்டியதற்கும் கொஞ்சம் மேலேயே மதிப்பெண் இருந்தது. அத்தா கடைக்கு வெளியே இறங்கி நின்று, "எம் பொண்டாட்டி பத்தாவது பாஸு!" என்று கடைவீதி முழுவதற்கும் சொன்னார்.

இயந்திரம் நின்றது. "கத்தாதீங்க! இத்தன நாளா ஃபெயிலுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."

தெரிந்துதான் போயிற்று. பக்கத்துக் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, முதலில் ஆச்சரியப்பட்டுப் பிறகு வாழ்த்தினார்கள். அத்தா எல்லோருக்கும் தேநீர் வாங்கித்தந்தார். வந்தவர்களில் ஒருவருக்கு ஒரு குடையும் விற்றார்.

பயிற்சி நிலையத்தில் முதல்நாள் வகுப்புக்கு அம்மா என்னையும் அழைத்துப்போனார். பை தூக்க என்று சொன்னார். பையில் கத்தரியும் அளவு நாடாவும்தான் இருந்தன. பழைய ஓட்டுக் கட்டடம். வரிசையாக இயந்திரங்கள். நாகலூர், மாரமங்கலம் பக்கத்துப் பெண்கள் பதினைந்து, இருபது பேர் எழுந்து நின்றார்கள். நான் பின்சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அம்மா வணக்கம் சொன்னார். பிறகு சாக்கட்டியை எடுத்துக் கரும்பலகைப் பக்கம் திரும்பி, செங்குத்தாக ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு போட்டார். கழுத்தளவுக்குப் புள்ளிகள் வைக்கத் தொடங்கினார்.

நடுவரிசையிலிருந்து பூங்கொடி எழுந்தாள். செல்லம்மா அக்காவின் மகள். சிறு பிள்ளையாக இருந்ததிலிருந்து எங்கள் வெட்டுமேசைக்கு வந்து அளவு கொடுத்தவள்.

"டீச்சர்" என்று கூப்பிட்டாள்.

அம்மா சாக்கட்டியோடு அவசரமாகத் திரும்பி, யார் வருகிறார்கள் என்று வாசலைப் பார்த்தார்.

"உங்களத்தானுங்க, டீச்சர்" என்றாள் பூங்கொடி.